கைராசி டாக்டர்

செங்கல்பட்டில் நாய் வளர்க்கிற இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு கால்நடை டாக்டரிடம்தான் போய் நிற்கும். மூன்று ஊசி போட்டு, சீட்டு நிரம்ப மருந்து எழுதினால் அவர் கைராசிக்காரர். "ஒண்ணுமில்லை, ஒரு வேளை பட்டினி போடுங்க" என்று அனுப்பிவிட்டால், "அவருக்கு என்னங்க தெரியும்?" மறுநாளே நாய் வாலாட்டிக்கொண்டு சோற்றுக்கு வந்து நிற்கும், அது கணக்கில் வராது.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஏ.சி. இருக்கிறதா, செல்லத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாரா என்பதே அளவுகோல். திருக்கழுக்குன்றத்து மாட்டுக்காரருக்கு ஒரே கேள்விதான்: "ராத்திரி கன்னு மாட்டிக்கிட்டப்போ போனை எடுத்தாரா?" நான் அவர் கட்சி.

எந்த வழக்கும் கடைசியில் 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு மேல்முறையீடாகப் போகும். அங்கேயும் "அதே மருந்தைத் தொடருங்க" என்றால், "பாத்தீங்களா, விடியக்காலம் கிளம்பி வந்தது நல்லதாப் போச்சு!"

உண்ணித் தொல்லைக்கு மட்டும் மாமல்லபுரத்தில் பல்லவர் காலத்து ஏற்பாடு உண்டு. அர்ச்சுனன் தபசுக்கு அருகே கற்குரங்கு ஒன்று இன்னொன்றுக்குப் பேன் பார்க்கிறது. டோக்கன் கிடையாது, பில் கிடையாது, ஊசியும் கிடையாது. ஊசி போடாததால் கைராசிக்காரர் பட்டியலில் அதற்கு இடமில்லை.