தலைமாட்டில் ஒரு வானொலி

கேள்வி: கட்டிலருகே வைக்க, கடிகாரமும் ரேடியோவும் சேர்ந்த அலாரப் பெட்டி தேடுகிறேன். அமெரிக்காவிலிருந்து வரும் மைத்துனர், ஐபாட் செருகும் வசதியுள்ள ஒன்றைக் கொண்டுவரவா என்கிறார். சரி சொல்லலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: மைத்துனர் வரட்டும், பெட்டி வேண்டாம்! ஆப்பிள் 2012-ல் செருகுமுனையை மாற்றியது, 2022-ல் ஐபாடையே நிறுத்தியது, 2023-ல் ஐபோனின் முனையையும் மாற்றியது. மாப்பிள்ளை மாறிக்கொண்டே இருக்க, மணமேடை மட்டும் பழையபடியே நிற்கும். புளூடூத் உள்ளதாகப் பாருங்கள். எந்த போனும் பாடும்.

அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 230, 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. மின்துடிப்பை எண்ணி ஓடும் கடிகாரங்கள் இங்கே மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். இரவு பத்து மணிக்கு நேரத்தைச் சரிசெய்து, ஐந்துக்கு அலாரம் வைத்துப் படுத்தால், அது அடிக்கும்போது உண்மையான மணி 6.24. ஐந்தரை பஸ் எப்போதோ போயிருக்கும்!

ரேடியோ விஷயத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர். எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. கொடைக்கானல் வானொலியோ கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலிருந்து சமவெளியைப் பார்த்துப் பேசுகிறது. 100.5-ல் வையுங்கள். ஏரியல் கம்பியைச் சுருட்டி வைக்காமல் சுவரில் நீட்டி ஒட்டுங்கள். போன் சார்ஜரைத் தள்ளி வையுங்கள், இரைச்சல் குறையும்.

கடையில் மறக்காமல் கேட்க வேண்டியது, மின்தடையிலும் நேரத்தைக் காக்கும் பேட்டரி இருக்கிறதா என்பதை.