தந்தைப் பரிசிலியல்: ஒரு சிற்றாய்வு

கேட்பவனுக்கும் இலக்கணம் வகுத்த மொழி தமிழ். தாழ்ந்தவன் கேட்டால் ‘ஈ’, ஒத்தவன் கேட்டால் ‘தா’, உயர்ந்தவன் கேட்டால் ‘கொடு’ என்று தொல்காப்பியர் எச்சவியலில் பிரித்துச் சொல்லியிருக்கிறார். எதையும் கேட்காமல், கொடுத்தாலும் “இப்ப இது எதுக்கு?” என்பவருக்கு மட்டும் நூற்பா இல்லை. தொல்காப்பியர் தம் தகப்பனாருக்கு எதுவும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்ததில்லை என்பது இதனால் பெறப்படும்.

நன்னூலார் சற்று அனுபவஸ்தர். ‘அப்பாவுக்கு’ என்னும் சொல்லின் ஈற்றில் நிற்கும் நான்காம் வேற்றுமை உருபுக்கு அவர் அடுக்கும் பொருள்களில் முதலாவது கொடை, இரண்டாவது பகை. இந்த வரிசை தற்செயலானதன்று. தீபாவளிக்கு முதல் நாள் சட்டைப் பையோடு பெற்றோர் வீட்டு வாசலில் நின்றவர்கள் அறிவார்கள்.

பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான், பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தான் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். அவர்களின் சாமர்த்தியம் ஈகையில் இல்லை, ஆளைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. முல்லைக்கொடி விலை விசாரிக்காது. மயில் “ஏற்கெனவே ஒண்ணு இருக்கே” என்னாது. அதே போர்வையைப் பேகன் தன் தந்தைக்குக் கொடுத்திருந்தால் அது இன்றும் மடிப்புக் கலையாமல் கிடைத்திருக்கும். தொல்லியல் துறைக்காவது பயன்பட்டிருக்கும்.

இது தமிழ்த் தந்தையரின் தனிக்குணம் என்று எண்ணவும் இடமில்லை. அமெரிக்காவில் அன்னையர் தினம் 1908இல் தொடங்கி 1914இலேயே அரசு அறிவிப்பாயிற்று. 1910இல் ஸ்போக்கேன் நகரில் தொடங்கிய தந்தையர் தினம் நிரந்தரச் சட்டமாக 1972 வரை காத்திருந்தது. அம்மாக்களுக்கு ஆறு வருடம், அப்பாக்களுக்கு அறுபத்திரண்டு. நடுவில் அத்தனை வருடமும் அங்குள்ள அப்பாக்கள் “அதெல்லாம் வீண் செலவு” என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள் என்பது என் துணிபு.

இனிக் கள ஆய்வு. என் அப்பாவின் பீரோவில், நாப்தலின் உருண்டைகளுக்கு நடுவே, காலரில் அட்டையும் குண்டூசியும் எடுக்கப்படாத சட்டைகள் ஐந்து. “நல்லது கெட்டதுக்கு ஆகும்” என்று வைத்தவை. அதன் பின் எங்கள் குடும்பத்தில் நல்லதும் கெட்டதும் பல நடந்துவிட்டன. சட்டைகளுக்கு இன்னும் வேளை வரவில்லை. பெட்டியோடு ஒரு கைக்கடிகாரமும் இருக்கிறது. அவர் கட்டுவது தினமும் காலையில் சாவி கொடுக்கும் பழைய எச்.எம்.டி. நான் வாங்கித் தந்த பிரஷர் பார்க்கும் கருவி மட்டும் உழைக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு.

ஆனால் அவர் எதையும் ஏற்காதவர் அல்லர். நகைக்கடை காலண்டர், தாம்பூலப் பை, யாரோ கொடுத்த டைரி ஆகியவற்றை முகமலர்ச்சியோடு வாங்கி அன்றே உபயோகிப்பார். மூன்றுக்கும் பொது, விலையின்மை. எனவே விலை குறையக் குறைய ஏற்பு கூடும் என்பது விதி. விலையைக் குறைப்பது கடைக்காரர் கையில் இல்லை. சொல்பவர் வாயில் இருக்கிறது.

இவ்விதியைச் சோதிக்க வாய்ப்பு கிடைத்தது. சர்க்கரை வந்த பிறகும் அவர் பழைய தோல் செருப்பையே இழுத்துக்கொண்டிருந்தார். கறுப்புச் செருப்பின் இடது வாரில் வெள்ளை நைலான் நூல் தையல். குதிகாலில் டயர்த் துண்டு. மருத்துவர் சொன்ன எம்.சி.ஆர். செருப்பை ஆயிரத்து நூறு ரூபாய்க்கு வாங்கி, விலைச்சீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கொண்டுபோனேன்.

“எவ்வளவும்மா ஆச்சு?”

“முந்நூத்தம்பதுப்பா. தள்ளுபடியில போட்டிருந்தான்.”

அவர் அதைத் திருப்பி, அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். மெத்தென்று உள்ளே போய் மெல்ல எழும்பியது. “பரவால்லையே” என்றார். என் நினைவில் ஒரு பொருளுக்கு அவர் தந்த மிக உயர்ந்த பாராட்டு அதுதான். அப்போதே காலில் போட்டுக்கொண்டு கூடத்தில் இரண்டு நடை நடந்தார். ஆய்வு முடிந்தது, முடிவு சாதகம் என்று ஊருக்குத் திரும்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து போன் வந்தது. அவராகக் கூப்பிடுவது அபூர்வம். கூட நடக்கிறவர்களில் நாலு பேருக்குச் சர்க்கரையாம், செருப்பைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டார்களாம். இரண்டு பேருக்கு எட்டாம் நம்பர், ஒருவருக்கு ஏழு, ஒருவருக்கு ஒன்பது. ஆளுக்கு முந்நூற்று ஐம்பது வீதம் ஆயிரத்து நானூறு ரூபாயை வசூல் பண்ணி டைரியில் எழுதி வைத்துவிட்டார்.

“தள்ளுபடி முடியறதுக்குள்ள வாங்கிடும்மா. நாலு பேர் காசு, கணக்குக் காட்டணும். பில்லு மறந்துடாதே.”