பெயரிடப்படாத ஆண் சிசு

மனிதன் ஒருவன் எதிரே வந்து நின்று, இருமி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஐயா, நான் பிறந்திருக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னாலும், அவன் பிறந்ததற்கு அது போதிய பிரமாணம் ஆகாது என்னும் தத்துவத்தை எனக்கு வேதாந்தி எவரும் உபதேசிக்கவில்லை. ஒரு நகராட்சி அலுவலகத்தின் பிறப்பு இறப்புப் பிரிவில், கம்பி ஜன்னலுக்கு அப்பால் அமர்ந்திருந்த உத்தியோகஸ்தர்தாம் உபதேசித்தார். எந்த நகராட்சி என்று வாசகர்கள் கேட்க வேண்டாம். பழைய தென்னாற்காடு ஜில்லாவில் நகராட்சிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் ஒன்றை அவரவர் அனுபவத்துக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம்.

எனக்குச் சொந்த ஊர் குடிகாடு. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளுக்கு நடுவே இருக்கிறது. ஆனால் தலைச்சன் பிரசவம் தாய்வீட்டில்தான் என்ற சம்பிரதாயத்தை அனுசரித்து என் தாயார் தம் பிறந்தகத்துக்குப் போய்விட்டபடியாலும், பிறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவாக வேண்டும் என்பது விதியாகையாலும், சர்க்கார் கணக்கில் நான் குடிகாட்டான் அல்லேன். அயல்நாட்டில் உத்தியோகம் பார்க்கும் என் மகன், எங்களை அங்கே வரவழைக்கும் பொருட்டு, "பிறப்புச் சான்றிதழ், சீல் வைத்தது, உடனே வேண்டும் அப்பா" என்று எழுதியிராவிட்டால், இந்த ரகசியம் வெளியாகாமலே என் காலம் முடிந்திருக்கும்.

சான்றிட்ட நகல் என்பது சாமானியமான காகிதம் அன்று. 1872-ஆம் வருஷத்து இந்திய சாட்சியச் சட்டத்தின் 76-ஆவது பிரிவு, பார்வையிடப் பொதுமக்களுக்கு உரிமையுள்ள ஆவணத்தைத் தம் வசம் வைத்திருக்கும் அதிகாரி, கேட்டவனுக்குக் கட்டணம் பெற்றுக்கொண்டு நகல் தர வேண்டும் என்றும், அதன் அடியில் "இது உண்மை நகல்" என்று எழுதித் தேதியும் பெயரும் பதவியும் கையொப்பமும் இட்டு, முத்திரை வைக்கும் அதிகாரம் உண்டானால் முத்திரையும் வைக்க வேண்டும் என்றும் விதித்தது. அந்தச் சட்டம் போய் பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தபோது, இந்தப் பிரிவுக்கு நேர்ந்த கதி, 76-ஆக இருந்தது 75-ஆக ஆனதுதான். ஒன்றரை நூற்றாண்டு உழைத்த ஒரு பிரிவுக்கு, பதவி உயர்வு தராவிட்டாலும் ஒரு படி இறக்காமலாவது இருந்திருக்கலாம். பிறப்பு இறப்புப் பதிவுக்கென்று 1969-இல் இயற்றிய தனிச் சட்டமோ இன்னும் தாராளம். பதிவேட்டில் தேடச் சொல்லி நகல் பெற எவருக்கும் உரிமை உண்டு என்கிறது. இறந்தவரைப் பற்றிய நகலில் மட்டும் மரணத்தின் காரணத்தை வெளியிடலாகாதாம். பிறந்தவனுக்கு அப்படிப்பட்ட சலுகை எதுவும் இல்லை.

வாசலில் வேப்பமரத்தடியில் மேஜை போட்டிருந்த மனு எழுதுபவர், "ஐயா, பெரியவங்க ஆண்டு சரியாச் சொன்னாத்தான் தேடுவாங்க; தோராயமாச் சொன்னா உங்க அதிர்ஷ்டம்" என்று எச்சரித்து, கோர்ட்டு வில்லையை நாக்கில் தடவி ஒட்டிக் கொடுத்தார். உள்ளே ரிகார்டு ரூமிலிருந்து, முதுகு பிளந்து சணல் கயிற்றால் கட்டப்பட்ட ஒரு புத்தகத்தை உதவியாளர் ஒருவர் பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல் இரு கைகளாலும் ஏந்தி வந்தார். பக்கங்கள் பழுத்த வாழைச்சருகாக நொறுங்கின. ஆனால் எந்த மகானுபாவன் எழுதினாரோ, ஊதா மசி மட்டும் அழியவில்லை. என் தகப்பனார் பெயர், தாயார் பெயர், தகவல் தந்தவர் என்ற இடத்தில் என் மாமாவின் கோணல் கையெழுத்து, எல்லாம் இருந்தன. பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடு. ஆண் என்ற குறிப்பு. அவ்வளவுதான். தலை நரைத்து, பேரன் எடுத்து, ஓய்வூதியமும் வாங்கிக்கொண்டிருக்கும் நான், நகராட்சியைப் பொறுத்தவரை இன்னும் பெயரிடப்படாத ஆண் சிசு.

"பேரை இப்பச் சேர்த்துக்கலாமா, சார்?"

"அதுக்குப் பதினஞ்சு வருஷம் கெடு சார். கெடுவை நீட்டிச்சு ஆர்டர் வரும்போது சேர்ப்போம். அப்பவும் அப்பா கையெழுத்துப் போட்டு மனு குடுக்கணும். அவரைக் கூட்டிட்டு வாங்களேன்."

என் தகப்பனார் சிவபதம் அடைந்து வெகுகாலம் ஆயிற்று. ஆனாலும் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் ஜில்லாவில் இது பழைய வழக்கம். தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடந்தபோது, பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் கதவு திறக்கும் என்று சொல்லப்பட்டதாகவும், மூவரும் சிவலோகம் சேர்ந்து நூற்றாண்டுகள் சென்றிருந்தபடியால், சோழ மன்னன் அவர்களுடைய திருவுருவங்களை எழுந்தருளச் செய்து கதவைத் திறப்பித்ததாகவும் ஐதிகம். திறந்து பார்த்தால் ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருந்ததாம். மிஞ்சியவைதாம் நமக்குக் கிடைத்தவை. சம்பந்தப்பட்டவர் நேரில் வருதல், வர இயலாதார்க்குப் பிரதிநிதி, பதிவறையில் கரையான் என்று இன்றைய அலுவலக லட்சணங்கள் யாவும் அந்த ஒரே கதையில் அடங்கியிருக்கின்றன. மாலை போட்ட என் தகப்பனார் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வரலாமா என்று நானும் ஒரு கணம் யோசித்தேன்.

அசல், நகல் விவகாரத்துக்கும் எங்கள் ஜில்லாவே பூர்வீகம். மணக்கோலத்தில் இருந்த சுந்தரர் முன் ஒரு முதியவர் வந்து, "நீ என் அடிமை" என்று ஓலை நீட்ட, அவர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போயிற்று. கிழிந்தது படியோலைதான், மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று முதியவர் எடுத்துக் காட்ட, சபையோர் சுந்தரருடைய பாட்டனாரின் வேறோர் எழுத்தைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டையும் ஒப்புநோக்கித் தீர்ப்புச் சொன்னார்கள். வந்தவர் பரமசிவனே என்பது பிற்பாடுதான் தெரிந்தது. சர்வேசுவரனே வாதியாக வந்தபோதும் முதலில் நகலை நீட்டிவிட்டு, அசலை மடியில் வைத்துக்கொண்டார் என்பதையும், அவர் சொல்லை நம்பாமல் கையெழுத்தைப் பார்த்தார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்கும்போது, ஜன்னலுக்கு அப்பால் இருந்தவர் என்னை நம்பாததில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

நகல் தயாரானதும் ஒரு காட்சி நடந்தது. இளம்பெண் ஒருத்தி பதிவேட்டை உரக்க வாசிக்க, கண்ணாடி அணிந்த மூத்த குமாஸ்தா கணினியில் அச்சான தாளில் விரலை ஓட்டிச் சரிபார்த்தார். "பாலினம்?" "ஆண்." "பெயர்?" "கோடு." "தகவல் தந்தவர், குழந்தையின் மாமா." வரிசையில் நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பிறந்த செய்தி சபையில் முறைப்படி அறிவிக்கப்பட்டது அன்றுதான். பிறகு அவர் சுருக்கொப்பம் இட்டு, முத்திரையை மைத்திண்டில் இருமுறை அழுத்தி, மூன்றாவது முறை என் பிறப்பின்மீது குத்தினார். அந்தச் சின்னஞ்சிறு கையொப்பத்துக்குள் எத்தனை பேருடைய சொத்தும் சம்பந்தமும் பயணமும் அடங்கியிருக்கின்றன என்பதை அவர் அறிந்திருந்தாரோ இல்லையோ, ஓர் எழுத்தையும் அவர் சோதிக்காமல் விடவில்லை என்பதற்கு நான் சாட்சி.

வீட்டுக்கு வந்து பார்த்தால், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சேர்க்கைக்கு அனுகூலமாகப் போட்டுக்கொண்ட ஜூன் மாதத் தேதி ஒன்று. ஜாதகத்தில் ஐப்பசி மாதத் தேதி ஒன்று. சாவகாசமாக நகராட்சிக்குப் போன மாமா, தாம் போன அன்றே நான் பிறந்ததாகச் சொல்லிவிட்டார் போலும், நகலில் கார்த்திகையில் விழும் தேதி ஒன்று. மூன்றையும் மனைவியிடம் காட்டி, இவற்றுள் முத்திரையுள்ளதே சட்டப்படி பிரமாணம் என்று விளக்கினேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நகலை இருமுறை வாசித்தாள். உள்ளே போய், மஞ்சள் தடவிய பழைய ஜாதக நோட்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள்.

"ஏங்க, இதுதான் நிசம்னா, எங்கப்பா பத்துப் பொருத்தம் பார்த்துக் கட்டிக்கொடுத்த ஜாதகம் யாரோடது?"