சண்டை போடத் தெரியாத பயலுக்கு

ஏலே பேராண்டி, ராத்திரி 2 மணி வரைக்கும் லேப்டாப்பத் தட்டிக்கிட்டு இருந்தியே, கலெக்டர் பரீட்சைக்குப் படிக்கான்னு நெனச்சு உங்க ஆச்சி பால் ஆத்திக் கொண்டுவந்தா. எட்டிப் பாத்தா விக்கிப்பீடியாவுல எவனோடயோ மல்லுக்கட்டு! நீ ‘ரஷ்யா’ம்ப, அவன் ‘உருசியா’ம்பான், மறுபடி நீ மாத்துவ. ஒரு கிரந்த எழுத்துக்கா இந்தப் பாடு? அந்த நாட்டுக்காரன் வந்து கேட்டானாலே?

போடு, நல்லாச் சண்ட போடு, நான் வேண்டாங்கல. ஆனா வெவரமாப் போடு. இங்கிலீஷ் விக்கியில ஒரு விதி உண்டாமே, 24 மணி நேரத்துல ஒரே பக்கத்துல 3 தடவைக்கு மேல அடுத்தவன் திருத்தத்த ரத்து பண்ணப்படாதுன்னு. அதப் பாத்து நீயும் மூணோட நிறுத்திட்டு, எப்படா நேரம் தாண்டும்னு கடிகாரத்தப் பாத்துக்கிட்டு இருக்கே. என்னா சாமர்த்தியம்! உன்ன மாதிரி எமகாதகன் வருவான்னு தெரிஞ்சுதாம்ல, ‘3 தடவங்கது உனக்குக் குடுத்த உரிமையில்ல’ன்னு அந்த விதியிலயே எழுதி வச்சிருக்கான்.

உனக்கு அண்ணன்மாரும் உண்டு, கவலப்படாத. அதே இங்கிலீஷ் விக்கியில, தயிருக்கு இங்கிலீஷ்ல ஒரு ‘எச்’ வேணுமா வேண்டாமான்னு வருசக்கணக்கா முட்டி மோதி, 2011-ல தான் வேண்டாம்னு முடிச்சாங்களாம். அதுக்குள்ள எத்தன பானத் தயிரு புளிச்சுப் போச்சோ!

இன்னொண்ணும் கேளு. எங்க ஆலமரத்தடியில ரெண்டு பேரு ஏசிக்கிட்டா, துண்ட ஒதறித் தோள்ல போட்டதும் அந்த ஏச்சு காத்தோட போயிரும். தமிழ் விக்கியிலயும் கூடிப் பேசுத எடத்துக்கு ஆலமரத்தடின்னு தான் பேரு. ஆனா அங்க ஏசுனது போவாது. நாலு நெளிகோடு போட்டுக் கையெழுத்து வைக்கே, பேரும் தேதியும் நேரமும் தானா விழுந்துருது. நீ அழிச்சாலும் ‘வரலாறு’ன்னு ஒரு அமுக்கு அமுக்குனா அம்புட்டும் வெளிய வருது. நாளைக்கு உனக்குப் பொண்ணு குடுக்க வாரவன் அமுக்கிப் பாக்க மாட்டானாலே?

விக்கியில புதுசா எழுத வாரவங்களக் கடிக்காதீங்கன்னு விதியே போட்டிருக்காங்களாமே. எங்க தெருவுல நாய் வளக்கவன் கூட இப்படிப் பலகை மாட்டுனதில்ல.

செரி, வெளையாட்டு போதும். 2003-லருந்து தமிழ் விக்கியில அஞ்சு பைசா கூலி வாங்காம எழுதுத கூட்டம் உங்க கூட்டம். நீ எழுதுன பக்கத்த வரிவரியாப் படிச்சு, ஒத்த எழுத்துக்காவ ஒறக்கத்த விட்டுட்டு உக்காந்திருக்கது யாரு? உங்க அப்பனா? ஆச்சியா? அந்தப் பய தாம்ல! அவன் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்னா, உன் கொம்பு விட்ட எழுத்துக்கெல்லாம் கொம்பு போட ஆளேது?

அதனால பேச்சுப் பக்கத்துல போயி, எந்தப் புத்தகத்துல இருக்குன்னு மரியாதையாச் சான்று கேளு, உன் சான்றையும் காட்டு. அதுக்கு முன்னால வரலாற்றுப் பக்கத்தத் தொற. அவன் செஞ்ச ஒரு நல்ல திருத்தம் கண்ணுல படாமலா போவும்? பக்கத்துல ‘நன்றி’ன்னு இருக்குமே, அத அமுக்கிரு. இவன் எதுக்கு நன்றி சொல்லுதான், இதுல என்ன சூதிருக்குன்னு மண்டையப் பிச்சுக்கிட்டே ரெண்டு நாளைக்கு அவன் உன் பக்கத்தத் தொட மாட்டான்.