மாமாவுக்கும் புரியவில்லை, மண்டைக்கும் ஏறவில்லை

அறிவியல் எழுதுகிறேன் என்று பத்திரிகையில் பீற்றிக்கொள்ளலாம். திருச்சுழிப் பக்கம் ஆடு மேய்க்கும் என் மாமாவிடம் அந்தப் பருப்பு வேகாது.

செம்மறிக் கிடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆரம்பித்தேன். "மாமா, செல்லுக்குச் செல் குட்டிக் குமிழியில சேதி அனுப்புது. 1983இல் கனடாவில் ரோஸ் ஜான்ஸ்டோன் என்கிற அம்மா, செம்மறி ரத்தத்தில் அந்தக் குமிழிகளைப் பார்த்தாங்க."

"ஆட்டை என்ன செஞ்சாங்க மாப்ள?"

அது எனக்குத் தெரியாது. சமாளித்துக்கொண்டு தொடர்ந்தேன். அந்தக் குமிழிகளை, சிவப்பணு முதிரும்போது வேண்டாததை வெளியே தள்ளும் குப்பைப் பைகள் என்றுதான் பல ஆண்டுகள் நினைத்திருந்தார்கள். 2007இல் சுவீடனின் கோதன்பர்க்கில் யான் லோட்வால் குழு, எக்ஸோசோம் என்கிற அந்தக் குமிழிகளுக்குள் சேதி சுமக்கும் ஆர்.என்.ஏ. இருப்பதைக் காட்டியது. எலிச் செல்லின் குமிழிகளை வாங்கிக்கொண்ட மனிதச் செல், எலிப் புரதத்தைச் செய்தது! நிமிர்ந்தால் மாமா கண்மாய்க்கரையில் நிற்கிறார். ஆடுகள் அவருக்கு முன்னால்.

அடுத்து அத்தை. மானாவாரிக் கரிசலில் பருத்தி வாடி நின்றது. "ஏய்யா, படிச்ச பிள்ள, இது என்ன நோவுன்னு பாரு." விடுவேனா? வாடல் பூஞ்சை தாக்கினால் பருத்தி சும்மா இருக்காது, நுண் ஆர்.என்.ஏ.க்களைப் பூஞ்சைக்குள் அனுப்பி அதன் மரபணுக்களை முடக்கும் என்று 2016இல் சீனர்கள் கண்டதைச் சொன்னேன். வெறும் ஆர்.என்.ஏ.வை நொதிகள் நறுக்கிவிடும். அதனால் கொழுப்புச் சவ்வுக் குமிழிக்குள் பொதிந்து அனுப்பும் வழக்கம் செடிகளிலும் உண்டு, அராபிடாப்சிஸ் செடியில் 2018இல் பார்த்தார்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். பக்கத்துப் புஞ்சைக்காரர் ஒரு பிடி மண்ணை அள்ளி உதிர்த்துக் காட்டினார். மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது. பூஞ்சையும் இல்லை, புண்ணாக்கும் இல்லை.

இதெல்லாம் ஊர் சிரித்ததோடு போயிற்று. மூன்றாவதுக்குக் காசு போனது. முன்மண்டை வழுக்கைக்கு எக்ஸோசோம் ஊசி போடுவதாக ஓர் அழகு நிலையத்தில் சொன்னார்கள். மற்றவர்களுக்கு வகுப்பெடுத்த நான் ஒரு கேள்வி கேட்கவில்லை; முன்பணம் கட்டினேன். மண்டைக்குள் இருந்த அறிவு மயிர்க்கால் வரைக்கும் போகவில்லை.

வீட்டுக்கு வந்துதான் தேடிப் படித்தேன். எந்த எக்ஸோசோம் மருந்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 டிசம்பரிலேயே எச்சரித்திருக்கிறது. ஆராய்ச்சி நிஜம், கடையில் விற்கும் ஊசி வேறு சங்கதி. யாராவது உங்களிடம் எக்ஸோசோம் என்று ஆரம்பித்தால், பணம் எடுக்கும் முன் அனுமதிக் காகிதத்தைக் கேளுங்கள்.