ஹைடெக் அண்ணன்

கூலிம் ஹைடெக் பூங்காவில் வேலை பார்க்கும் அண்ணனை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பாசார் மாலாமில்கூட காடியைப் பின்பக்கமாக நுழைத்துத்தான் நிறுத்துவார். கம்பெனியில் அப்படித்தான், ஆபத்து என்றால் நேரே வெளியேறலாமாம். மூன்றே படி உள்ள கோயில் வாசலிலும் பிடித்துக்கொள்ளக் கம்பி தேடுவார். கிளீன்ரூமுக்குள் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பில்தான் நுழைவார். நாட்டின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா என்று 1996இல் திறந்தார்களே, அந்தப் பெருமையை ஒற்றை ஆளாகச் சுமப்பவர் இவர்.

அதே அண்ணன் லூனாஸில் ஒரு விருந்துக்குக் குடும்பத்தோடு கிளம்புவதைப் பாருங்கள். ஒன்றரை வயது மகன் முன்சீட்டு இரண்டுக்கும் நடுவில் நின்றபடி கியரைப் பிடித்திருக்கிறான். "இப்பவே டிரைவரு!" என்று அப்பாவுக்குப் பூரிப்பு.

குழந்தை சீட் இல்லையா? இருக்கிறது. பிள்ளை பிறந்த வாரமே வாங்கியது. பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை, பிரித்தால் அழுக்காகிவிடுமே! அதில் பாம்பர்ஸ் பையும் தாப்பாவ் வாங்கிய மீ கோரெங்கும் உட்கார்ந்திருக்கும். வெள்ளிக்கிழமைகளில் அர்ச்சனைத் தேங்காய். தேங்காய் உருளக்கூடாதென்று பெல்ட்டும் போட்டிருப்பார்.

மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் குழந்தை இருக்கை கட்டாயம். தொடக்கத்தில் சம்மன் இல்லை, விளக்கம் மட்டும்தான் என்றார்கள். அண்ணன் காதில் 'இல்லை' மட்டும் விழுந்தது.

அண்ணனின் அம்மா வேறு துணைக்கு. "நான் மடியில வச்சிக்கிறேன்யா. உங்க எல்லாரையும் தோட்டத்து லோரியில நின்னுக்கிட்டே கொண்டாந்தவ நானு." உண்மைதான். ஆனால் செம்மண் பாதையில் லோரி ஊர்ந்தது. பட்டர்வொர்த்–கூலிம் விரைவுச்சாலையில் எவரும் ஊர்வதில்லை. 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினாலே 10 கிலோ பிள்ளை சில நூறு கிலோ கனத்தோடு முன்னால் பாயும். பால்மரம் வெட்டி உரமேறிய கையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது.

கடைசியில் அண்ணனின் மனைவி, நம் அக்கா, அதட்டினார். அவர் வேறொரு கம்பெனியில் தரம் பார்க்கும் கியூசி. அண்ணன் சீட்டை எடுத்து, விளக்கப் புத்தகத்தைப் பெட்டியோடு ஓரம் தள்ளிவிட்டு, முன்சீட்டில் பின்னோக்கி மாட்டினார். "பக்கத்துல இருந்தா நான் பாத்துக்குவேன்ல?"

"ஏங்க, ஏர்பேக் வெடிச்சா சீட்டு முதுகுலதானே அடிக்கும்? பிள்ளை தலை அங்கதானே இருக்கு?"

ரிஜெக்ட். பின்சீட்டுக்கு மாறியது. அக்கா, பெல்ட் நுழையும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டினார். ஒரு சாண் ஆடியது. 2.5 சென்டிமீட்டருக்கு மேல் ஆடக்கூடாது. மறுபடி ரிஜெக்ட். அண்ணன் முழங்காலால் சீட்டை அழுத்தி, வியர்க்க வியர்க்க பெல்ட்டை இழுத்துப் பூட்டினார். ஐசோஃபிக்ஸ் கொக்கி உள்ள காடியாக இருந்தால் 'கிளிக்' சத்தத்தோடு பாதி வேலை முடிந்திருக்கும். அண்ணனுடையது பழைய சாகா.

பிள்ளையை உட்கார வைத்துத் தோள்வாரை இழுத்த பிறகு, அக்கா அதை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். கிள்ளினால் கைக்கு மடிப்பு வந்தது. "லூஸு." இன்னும் இறுக்கிய பிறகுதான் பாஸ்.

"ஒன்னரை வயசாச்சே, முன்னாடி பாத்து உட்காரட்டுமே?" என்று அம்மா ஒரு மனு போட்டார். குழந்தை சீட்டுக்கான ஆர்129 விதிப்படி குறைந்தது 15 மாதம் வரை பின்னோக்கித்தான். அதற்குப் பிறகும் சீட்டில் குறித்த அளவைப் பிள்ளை தாண்டும்வரை அப்படியே இருப்பது நல்லது, இளங்கழுத்து தாங்காது. மனு தள்ளுபடி.

புதிதாக வாங்குவோர் ஆர்44 அல்லது ஆர்129 என்று அச்சிட்ட, வட்டத்துக்குள் ஆங்கில 'E' எழுத்துள்ள வில்லை சீட்டில் இருக்கிறதா பாருங்கள். விபத்தில் அடிபட்ட சீட்டை ஓசியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வெயிலில் நின்ற காடியில் பக்கிள் சுடும், முதலில் தொட்டுப் பாருங்கள். அண்ணன்மாரே, இன்று ஷிஃப்ட் முடிந்ததும் அந்தப் பிளாஸ்டிக்கைக் கிழித்துப் போடுங்கள்.