தீராத புதையல்

கேள்வி: இங்கிலாந்தின் டார்ட்மூரில் குறிப்புச் சீட்டோடு பாறையிலும் சேற்றிலும் அலைந்து பெட்டி தேடுகிறார்களாமே! உள்ளே தங்கமா இருக்கிறது?

பதில்: ரப்பர் முத்திரையும் ஒரு நோட்டும்! அந்த முத்திரையை உங்கள் ஏட்டில் பதித்துக்கொண்டு, உங்கள் முத்திரையை அந்த நோட்டில் குத்திவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே ஒளித்துவைக்க வேண்டும். யாரும் எடுத்துப்போவதில்லை, அதனால்தான் இந்தப் புதையல் தீரவேயில்லை. 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, அங்குள்ள ஆளரவமற்ற க்ரான்மியர் குட்டையில் ஒரு குடுவையை வைத்தார். நடந்து வந்தவர்கள் அதில் தங்கள் பெயர் அட்டையைப் போட்டார்கள். தொடக்கம் அதுதான். 100 பெட்டி கண்டவர்களுக்குத் தனிச் சங்கமே உண்டு.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: டார்ட்மூர் மேட்டுநிலத்தின் ஒரு பகுதி ராணுவத்தின் சுடுபயிற்சிக் களம். பயிற்சி அட்டவணையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.